ஏழாம் எண்ணில் எழும் தோள்

எட்டு மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் அவர் சம்சாரமே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவாள். பாலே நடனத்தில் எல்லாமே எட்டு எண்ணிக்கை. ஒன்றில் தொடங்கி எட்டில் முடியும், மறுபடியும் ஒன்று. நகராட்சி நீச்சல்குளத்துக்கு மேல்மாடியில் இருக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நின்று அவர் குரலெடுத்து எட்டு எண்ணினார். கீழே குளத்தில் நீந்துகிறவன்கூட அவர் குரலுக்குத்தான் கை வீசுவான் என்று ஊரில் பேச்சு. அது பொய்யில்லை. அப்படிப்பட்ட தொண்டை.

பள்ளிக்கூடத்தில் அவர் பார்த்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. பதினாறு வயதில் ஒரு நடன அரங்கில் திரை இழுக்கும் வேலைக்குப் போனார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றபடியே ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தார். மூன்று வருஷம் பார்த்தார். ஒருநாள் கடைசி வரிசையில் ஆட வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட, "நான் ஆடுறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆடிக் காட்டினார். சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. ஏட்டைப் புரட்டாமல் எழுந்து வந்தவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். அது அவன் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. யாரும் தானமாகக் கொடுத்ததில்லை.

அதனால்தான் மாணவிகளிடம் அவர் ஓயாமல் சொல்லுவார்: "காதை மூடு, கண்ணைத் திற. நான் என்ன செய்யறேனோ அதை அப்படியே செய். பார்த்தே கத்துக்கிட்டவன்டி நான்!"

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. முப்பது வயதில் மேடையில் ஒரு தாவலில் தப்பாக இறங்கி, வலது முட்டி பிசகிவிட்டது. மூன்று மாதம் படுக்கை. எழுந்து நின்றபோது பழைய கால் இல்லை. ஆனால் ஒரு தந்திரம் கைவந்தது. தாவுவதற்கு முந்தின எண்ணில், அதாவது ஏழில், வலது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் உடம்பு மேலே போய்விடும். முட்டிக்குப் பாரம் தெரியாது. அந்தத் தந்திரத்தில் இன்னும் ஆறு வருஷம் மேடை ஏறினார். அப்புறம் அது தந்திரம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. மூச்சு விடுவதுபோல் தோள் தானாக எழும்.

காலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுகிற சம்சாரத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும். "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் நிமிர்ந்து நில்லு, நிமிர்ந்து நில்லுங்கறீங்க. நம்ம வீட்டு மாடிப்படி ஏறணும்னா கைப்பிடி எங்கன்னு தேடுறீங்க!" என்பாள்.

"வாயை மூடிட்டுத் தேயி."

வருஷா வருஷம் நகராட்சிக்குக் கொடுக்கும் தாளில், உடம்பில் பழைய காயம் உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதுவார். அவருக்கு நன்றாக எழுத வரும் நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கூடத்துக்கு இன்னொரு ஆசிரியை வந்து சேர்ந்தாள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள். பெரிய நடனப் பள்ளியில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். எல்லாருக்கும் அவள் சின்ன மிஸ். போன வருஷம் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய பொண்ணுங்க எல்லாருக்குமே தாவுறதுக்கு முன்னாடி வலது தோள் தூக்குது. நான் வேணும்னா வாரத்துக்கு ஒரு நாள்..."

தாய்மார்கள் ஐந்தாறு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே மாஸ்டர் குரலை உயர்த்தினார். "ஏம்மா, உன் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கியே, அது ஆடுமா? நீ குட்டிங்களுக்கு மூக்கைத் துடைச்சு விடு. தாவுறதை நான் பாத்துக்கறேன்."

தாய்மார்கள் சிரித்தார்கள். சின்ன மிஸ் முகம் சிவக்க, வாசலில் இருந்த, கால் வழுக்காமல் இருக்கத் தடவும் குங்கிலியப் பொடிப் பெட்டியை, காரணமே இல்லாமல், ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் பெரிய பள்ளியிலிருந்து ஓர் அம்மாள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. கூடம் பெருக்கித் துடைத்து, குளத்தின் குளோரின் வாடை தெரியாமல் இருக்க ஜன்னலெல்லாம் திறந்து வைத்திருந்தது. மூத்த வகுப்பில் ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்தியைத்தான் மாஸ்டர் மலைபோல் நம்பியிருந்தார். நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஐந்து வயதில் வந்தவள். பதினோரு வருஷம் அவரைத் தவிர வேறு யாரிடமும் போனதில்லை. அம்மா சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறவள். அடுத்த மாதத்தோடு நெட்டைக்கு அங்கே சேரும் வயது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் பெரிய பள்ளிக் கதவு அவளுக்கு இனி இல்லை.

பியானோ அக்கா வாசிக்க, ஏழு பேரும் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒவ்வொருவராகத் தாவிப் போனார்கள். அந்த அம்மாள் சிறிய மேஜைக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார். மூன்றாவது பெண் போனதும் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். ஏழாவதாக நெட்டை தாவி முடித்ததும், "எல்லாருக்கும் ஒரே வாத்தியாரா?" என்று கேட்டார்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தாங்க. வேற ஒரு கை படல. எல்லாம் நம்ம தயாரிப்பு."

"உங்களுக்கு வலது முட்டியில அடிபட்டிருக்கா?"

பெஞ்சில் தாய்மார்கள். கண்ணாடி ஓரத்தில் ஏழு பெண்கள். கதவருகில் சின்ன மிஸ்.

"இல்லீங்களே."

"அப்போ இந்தத் தோள் எங்கேருந்து வந்துச்சு? ஏழு பேருக்கும் ஏழாவது எண்ணில தூக்குது."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "கவனம் போதலைங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க, செவிடன் காதுல சங்கு ஊதின கதை."

அந்த அம்மாள் நெட்டையை ஒரு நிமிஷம் பார்த்தார். "வருத்தமா இருக்கு. இந்தப் பொண்ணு காலைப் பாத்துட்டு எடுத்துக்கலாம்னுதான் நினைச்சேன். தோளை ஆறு மாசத்துல திருத்திடலாம். ஆனா பதினோரு வருஷமா வாத்தியார் சொல்லியும் கேக்காத பிள்ளையை நாங்க என்ன செய்ய முடியும்? காபி குடிச்சிட்டு முடிவை எழுதிடறேன்."

நெட்டை தலை குனிந்தபடியே முன்னால் வந்தாள். "மாஸ்டர் மேல தப்பில்லீங்கம்மா. நான்தான் சரியா கவனிக்கல."

அந்த ஒரு வார்த்தை போதும். மாஸ்டருக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூடத்தில் மூன்று பக்கம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம்தான் எதிரே நின்றது.

பின்பக்க மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். பக்கத்திலேயே பெண்கள் உடை மாற்றும் அறை. கதவு சரியாகச் சாத்தாது. அவர்தான் எத்தனையோ தடவை நகராட்சிக்குச் சொல்லியிருக்கிறார். உள்ளே நெட்டையின் அம்மா குரல்.

"அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தியிருக்காரு! உன் காதுல என்னடி அடைச்சிருந்துச்சு? நின்னு நின்னு என் காலு வீங்கிக் கிடக்கு. நீயாவது கேட்டு நடப்பேன்னு பாத்தேன்."

பளார் என்று ஒரு சத்தம். அம்மா விசும்பிக்கொண்டே வெளியே போய்விட்டாள். அப்புறம் வகுப்பிலேயே இளையவளின் குரல், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள்.

"எனக்கு ஒரு சந்தேகம்டி. தோளைத் தூக்காதேன்னு மாஸ்டர் எப்போ சொன்னாரு? எனக்கு ஞாபகமே இல்லையே."

"அவரு சொல்லியிருப்பாரு," என்றாள் நெட்டை. மூக்கடைத்த குரல். "நாமதான் கேட்டிருக்க மாட்டோம். மாஸ்டர் பொய்யா சொல்லுவாரு?"

மாஸ்டர் படியில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலிக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அது கல்லுக்குண்டுபோல் இருந்தது. வலித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலடிச் சத்தம் கேட்டது. சின்ன மிஸ். போன வருஷம் சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் திட்டித் தப்பித்திருப்பார். அவள் கேட்கவில்லை.

"மாஸ்டர், அந்தம்மா காபி குடிச்சு முடிச்சிட்டாங்க. பேனாவைத் தேடுறாங்க."

"நீயே போய்ச் சொல்லிடேம்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"நான் சொன்னா கோள் மூட்டினதா ஆகும் மாஸ்டர். பேனாவை நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன். ரொம்ப நேரம் முடியாது."

அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். அவள் பார்க்கிறாளே என்று அதை விடவும் இல்லை.

கூடத்துக்குள் போய், பியானோ அக்காவிடம், "அதையே வாசிங்க" என்றார். மேஜைப் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம்மா, எழுதாதீங்க" என்றார். மூலையில் போய் நின்றார். ஐம்பத்தெட்டு வயது. ஒன்று, இரண்டு என்று தன் தொண்டையாலேயே எண்ணிக்கொண்டு தாவினார். ஏழில் வலது தோள் எழுந்தது. எட்டில் காலூன்றியபோது முட்டி மடங்கி, சுவரோரக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அப்படியே நம்மள மாதிரியே!" என்று வாயாடி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு."

ஒரு தடவை போதாதா என்று அவர் கண்ணால் கெஞ்சினார். அந்த அம்மாள் கண்ணை எடுக்கவில்லை. நெட்டை வந்து பக்கத்தில் நின்றாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. இருவரும் சேர்ந்து தாவினார்கள். கை ஒன்றுபோல, கழுத்து ஒன்றுபோல, ஏழில் தோள் ஒன்றுபோல. அவருக்கு மட்டும் மூச்சு இரைத்தது.

"போதும். அப்போ, முன்னாடி நீங்க சொன்னதெல்லாம்?"

"பொய்ங்க."

"எது எது?"

தாய்மார்கள் இருந்தார்கள். சொல்லித்தான் ஆகவேண்டும். "முட்டி ஒண்ணு. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுன்னேனே, அது ஒண்ணு. ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கே அது தெரியல. போன வருஷம் இந்தச் சின்ன மிஸ் வந்து சொல்லுச்சு. நாலு பேர் முன்னாடி அதை அவமானப்படுத்தி அனுப்பினேன். பிள்ளைங்க கவனிக்காம இல்லீங்க. ரொம்ப நல்லா கவனிச்சிருக்குதுங்க."

அந்த அம்மாள் தாளில் இரண்டு வரி எழுதினார். "இப்படிக் கவனிக்கிற கண்ணு எங்களுக்கு வேணும். அடுத்த மாசம் அனுப்பி வைங்க," என்று நெட்டையின் அம்மாவிடம் சொன்னார். மற்ற ஆறு பேரை, தோளைத் திருத்திக்கொண்டு மறுவருஷம் வரச் சொன்னார். மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவர் இன்றைக்கும் நினைக்கிறார்.

நெட்டையின் அம்மா சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளோ மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். போகும்போது வழக்கமாக "வரேன் மாஸ்டர்" என்பாள். அன்று அவரைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள், போனாள். நெட்டை மட்டும் திரும்பி, "வரேன் மாஸ்டர்" என்றாள். அம்மாவின் பார்வையை அவர் தாங்கிக்கொண்டார். மகளின் அந்த இரண்டு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினார். மூத்த வகுப்பு சின்ன மிஸ்ஸிடம் போயிற்று. அவளே வந்து, "எண்ணிக்கைக்கு நீங்க வேணும் மாஸ்டர். என் தொண்டைக்கெல்லாம் கீழ்க் குளத்துல ஒருத்தனும் நீந்த மாட்டான்," என்று கூப்பிட்டாள். போனார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

நாற்காலி பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்தது. அவர் அதைத் தூக்கி, கண்ணாடி இல்லாத சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், நாங்க தப்பு பண்ணினா எங்களை நிக்க வைப்பீங்களே, அந்தச் சுவரா?" என்றாள் வாயாடி.

"வேலையைப் பாரு. சின்ன மிஸ்ஸைப் பாரு. இந்தப் பக்கம் பாக்காதே."

பியானோ தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று சுவரைப் பார்த்து எண்ணினார். முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் தாவத் தயாரானார்கள். ஏழு என்றபோது, உட்கார்ந்திருந்தும், அந்த வலது தோள் தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, எட்டு என்றார்.