இரவல் கட்டு

மணிமொழி சென்னைக்குச் சீட்டாடப் போகிறாள் என்று தெரிந்ததும் அவள் அம்மா கலியம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“பொட்டப்புள்ள சீட்டாடப் போறேன்றியே, நாலு பேரு காதுல வுழுந்தா என்னாடி ஆவறது?”

“அது வேற சீட்டும்மா. காசு வெச்சு ஆடறது இல்ல.”

“காசு வெக்காம எவன்டி சீட்டாடுவான்?”

நியாயமான கேள்விதான். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் சீட்டு என்றால் இரண்டுதான். ஆம்பிளைகள் மறைவாக உட்கார்ந்து ஆடுவது ஒன்று, பொம்பளைகள் மாசாமாசம் கட்டுவது ஒன்று. மூன்றாவதாக ஒரு சீட்டு இருக்கிறது, அதற்கு ஜப்பானில் ஆரம்பித்துச் சென்னை வரைக்கும் போட்டி வைக்கிறார்கள் என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவள் அப்பா குழந்தைவேல் முதல் ஷிப்டு முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். “பிரியாப் பொண்ணும் கூடத்தான போவுது. போய்ட்டு வரட்டும் வுடு” என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் விசாரணை இல்லை. சண்முகப்பிரியாவின் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், அதிலும் ஆபீசர். குழந்தைவேல் அதே மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரிப் போடும் கான்ட்ராக்ட் ஆள். பிரியா வருகிறாள் என்றால் அது நல்ல இடமாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

மணிமொழி இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது 2016. அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் சென்னையில் கால் சென்டரிலும் மீதிப் பேர் வீட்டிலும் இருந்தார்கள். அவள் பேங்க் பரீட்சை எழுதினாள், குரூப் டூ எழுதினாள். ஒவ்வொரு தடவையும் கிட்டே வந்து நழுவிப் போயிற்று. டவுன்ஷிப்பில் இரண்டு குவார்ட்டர்ஸில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். அது முடிந்ததும் சைக்கிளைப் பதினோராம் பிளாக்குக்கு விடுவாள். அங்கேதான் பிரியாவின் குவார்ட்டர்ஸ்.

இருவரும் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே ரூம். அங்கேதான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார்கள். கார்டு என்றே எல்லாரும் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கட்டு வேண்டும். கடையில் முழுக் கட்டாகக் கிடைக்காது. ஒட்டிய பாக்கெட்டாக வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிரித்து, வேண்டாததை அடுத்தவரிடம் கொடுத்து வேண்டியதை வாங்கிச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். அட்டைகளில் மிருகங்கள், மந்திரங்கள், கோட்டைகள். எதிராளியின் கோட்டையை யார் முதலில் இடிக்கிறாரோ அவர் ஜெயித்தார்.

பிரியாவின் மாமா சிங்கப்பூரில் இருந்தார். வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார். அதனால் கார்டெல்லாம் பிரியாவுடையது. ஆனால் எதை எதனோடு சேர்த்தால் கட்டு நிற்கும் என்பது மணிமொழிக்குத்தான் தெரியும். தரையில் நூற்றுக்கணக்கில் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பாள், ஒன்றை வைப்பாள். அப்படி இரண்டு கட்டு உருவானது. பிரியாவுக்கு நெருப்பு நரிகள். எடுத்த எடுப்பில் பாய்ந்து அடிக்கும் கட்டு. தனக்கு முதுகில் தீவைச் சுமக்கும் ஆமைகள். எதிராளி எல்லாவற்றையும் செலவழித்துக் களைத்துப் போகும் வரைக்கும் காத்திருந்து, பிறகு எழுந்து வரும் கட்டு. அந்த ஆமைக் கார்டுகள் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

குவார்ட்டர்ஸில் அவர்கள் ஆடுவது போர்ட்டிகோவில். ஹாலில் ஃபேன் உண்டு, சோபா உண்டு. இருந்தாலும் போர்ட்டிகோதான். பிரியாவின் அம்மா அங்கேயே காபி கொண்டுவந்து தருவார். இரண்டு வருஷத்தில் உள்ளே வா என்று அவர் சொன்னதில்லை, மணிமொழியும் ஏன் என்று கேட்டதில்லை. ஆடி முடித்ததும் ஆமைக் கட்டை எடுத்துப் பிரியாவின் தகர டப்பாவில் வைத்துவிட்டுக் கிளம்புவாள்.

சென்னைப் போட்டிக்குப் பேர் கொடுத்தது பிரியா. “ரெண்டு பேருக்கும் சேர்த்தே ரெஜிஸ்டர் பண்ணிட்டேன்டி. ஜெயிக்கறவங்கள சிங்கப்பூர் அனுப்பறாங்களாம்” என்றாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். மஸ்கட்டில் வேலை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

போட்டி நடந்தது கிண்டிப் பக்கம் ஒரு பெரிய ஹாலில். வரிசை வரிசையாக மேஜை. இருநூறுக்கு மேல் ஆட்கள். பெங்களூர், மும்பை, கொச்சி என்று வந்திருந்தார்கள். பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதுகில் பையோடு பையன்கள் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். மணிமொழி தன் மேஜை நம்பரைத் தேடி உட்கார்ந்தாள். முதல் ரவுண்டில் எதிரே உட்கார்ந்தவன் அவளைப் பார்த்துவிட்டு, “ஃபர்ஸ்ட் டைமா? டென்ஷன் ஆகாதீங்க” என்று ஆறுதல் சொன்னான். கால் மணி நேரத்தில் அவன் கோட்டை இடிந்தது.

இரண்டாவது ரவுண்டும் அப்படியே. மூன்றாவதில் தோற்றாள்; தோற்றாலும் வெளியேற்றம் கிடையாது, எல்லா ரவுண்டும் ஆடலாம். பிறகு மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தாள். ஆமைகள் அவள் சொன்ன பேச்சைக் கேட்டன. சாயங்காலம் ஆக ஆக அவள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. “அந்த நெய்வேலிப் பொண்ணு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பரீட்சை ஹால்களில் நம்பராகவே உட்கார்ந்து பழகியவளுக்கு அது என்னவோ செய்தது.

கடைசி ரவுண்டு. அதில் ஜெயித்தால் முதல் எட்டுப் பேரில் ஒருத்தி, மறுநாளும் ஆடலாம். யாரோடு யார் என்று திரையில் போட்டார்கள். மணிமொழியின் பேருக்கு எதிரே சண்முகப்பிரியா என்று இருந்தது.

பிரியாவும் அந்த அளவு ஜெயித்து வந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து அவள் தன் மேஜையை விட்டு நிமிரவே இல்லை.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிரியா கட்டைக் கலைத்துக்கொண்டே தணிந்த குரலில் பேசினாள்.

“மணி, நீ விட்டுக் குடுத்துடேன்.”

“என்னாடி சொல்ற?”

“ரூல்ல தப்பு இல்ல. நான் தோத்துட்டேன்னு ஜட்ஜ்கிட்ட சொன்னா போதும். எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். இனிமே இதெல்லாம் ஏது? நீ அடுத்த வருஷம் வந்து ஆடிக்கலாம்.”

“அடுத்த வருஷம் நான் எந்தக் கட்ட எடுத்துகினு வர்றது பிரியா?”

பிரியா கட்டை வெட்டச் சொல்லி நீட்டினாள். மணிமொழி வெட்டினாள்.

விட்டுக்கொடுத்திருக்கலாம். அதைப் பற்றி அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இன்றைக்கு இந்த ஹாலில் நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். நரிகள் பாய்ந்தன. எந்த நரி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாதா, கட்டினவளே அவள்தானே. ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டு, அடி வாங்கி, காத்திருந்தாள். பிரியாவின் கையில் கார்டு தீர்ந்த பிறகு ஆமை எழுந்தது.

பிரியா கை கொடுத்தாள். “ரெண்டு கட்டும் நீ கட்டினதுதானே” என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. மணிமொழி பழக்கத்தில் தன் கட்டைத் தகர டப்பாவில் வைத்தாள். பிரியா டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

குரோம்பேட்டையில் பிரியாவின் அத்தை பார்வதி வீட்டில் தங்கினார்கள். சாப்பிடும்போது பிரியா கல்யாணப் புடவை பற்றி அத்தையோடு பேசினாள். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அலுப்பு என்று மணிமொழி நினைத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்தபோது பக்கத்துப் பாய் சுருட்டி வைத்திருந்தது.

“அவ விடியக்காலமே கெளம்பிட்டாளேம்மா” என்றார் பார்வதி. “தலைவலின்னா. அவ சித்தப்பா கார் விழுப்புரம் போச்சு, அதுல ஏத்திவிட்டேன். உங்கிட்ட சொல்லலையா?”

பை இல்லை. டப்பா இல்லை. மணிமொழி போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தபோது அணைத்து வைத்திருந்தது.

அவள் ஊருக்குப் பஸ் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ரயில் பிடித்து ஹாலுக்குப் போய்த் தலைமை ஜட்ஜ் சங்கரலிங்கத்தின் முன்னால் நின்றாள். மதுரைக்காரர். கட்டு இல்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

“தொலைச்சிட்டியாம்மா?”

“இல்ல சார். என்னுது இல்ல. கொண்டுபோய்ட்டாங்க.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. “நேத்து ஆடுன அதே கட்டுலதான் இன்னைக்கும் ஆடணும்மா. அதே கார்டு யார்கிட்டயாச்சும் கெடைச்சா வாங்கிச் சேத்துக்க. கெடைக்காத எடத்துல வெத்துக் கார்டு வெச்சுக்கலாம். ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மைக்கை எடுத்து அவரே அறிவித்தார்.

அப்போது நடந்ததை மணிமொழி எதிர்பார்க்கவில்லை. முந்தின நாள் முதல் ரவுண்டில் அவளிடம் தோற்றவன் முன்னால் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், கோபாலகிருஷ்ணன் என்று பேர். “என்னென்ன வேணுங்க? சொல்லுங்க” என்று தன் ஆல்பத்தைத் திறந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் ஒரு கும்பல். மந்திரக் கார்டுகள் வந்தன. கோட்டைகள் வந்தன. யாரோ கார்டுக்குப் போடும் புது உறைகளை நீட்டினார்கள். மேஜை மேல் அவள் கட்டு கண் முன்னால் மறுபடி எழும்பி வந்தது. அந்த அரை மணி நேரம் அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

“ஆமைங்க?” என்று கேட்டாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது இங்க யார்கிட்டயும் இல்லைங்க. நேத்து உங்க கையிலதான் நாங்களே முதல் தடவையாப் பார்த்தோம்” என்றான் கோபாலகிருஷ்ணன்.

ஆமைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கார்டுகளைச் செருகிக்கொண்டு அவள் ஆட உட்கார்ந்தாள். மும்பைக்காரன் எதிரே. நல்ல பையன், நிதானமாகவே ஆடினான். அவள் காத்திருந்தாள். அடி வாங்கினாள், தடுத்தாள், மேலும் காத்திருந்தாள். அவன் கையில் கார்டு தீர்ந்தது. ஆமை எழ வேண்டிய நேரம். அவள் எடுத்த கார்டில் ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் வெள்ளை. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த இரக்கம்தான் அவளுக்குத் தோல்வியைவிடத் தாங்க முடியாததாக இருந்தது. வாங்கிய கார்டுகளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முதல் எட்டுப் பேருக்கும் மேஜையில் போட்டு ஆட ஆளுக்கொரு ரப்பர் விரிப்பு கொடுத்திருந்தார்கள்.

“கெலிச்சியா?” என்றாள் கலியம்மாள், அவள் வீடு வந்து சேர்ந்ததும்.

“எட்டுப் பேர்ல ஒருத்தியா வந்தேன்.”

“அதுக்கு இதான் குடுத்தாங்களா?” விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, வழுக்காமல் இருக்கும் என்று கேஸ் அடுப்புக்கு அடியில் போட்டாள்.

பிரியாவின் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. குழந்தைவேல் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். மணிமொழி போகவில்லை. சென்னைப் பையன்கள் அவளைத் தங்கள் வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார்கள். கொஞ்ச நாள் கார்டுப் படங்களாக வந்து குவிந்தன. அடுத்த வருஷப் போட்டி மும்பைக்குப் போயிற்று, அதற்கடுத்த வருஷம் நடக்கவே இல்லை. அவள் பண்ருட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். பரீட்சைகளும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். குழந்தைவேல் பெர்மனென்ட் ஆகாமலே மூச்சு இரைப்பு வந்து வேலையை விட்டார்.

2019 வாக்கில் டவுன்ஷிப் மெயின் பஜாரில் பிரியாவைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை. பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள் இன்னும் மஸ்கட் திரும்பவில்லை. எதிரெதிரே வந்துவிட்டதால் ஒதுங்கிப் போக முடியவில்லை.

குழந்தையின் பேரைக் கேட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்புறம் கேட்டேவிட்டாள்.

“ஏன்டி எடுத்துகினு போன?”

எதை என்று பிரியா கேட்கவில்லை. குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். “உன்மேல கோவம் இல்ல மணி. சத்தியமா. வீடு அப்பா அம்மாவோடது, மாப்பிள்ளை அவங்க பார்த்தது. என்னோடதுன்னு அந்த டப்பா ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீதான் நல்லா ஆடற. அன்னைக்கு எந்திரிச்சதும் தூக்கிட்டு ஓடிடணும்னு இருந்துச்சு. ஓடிட்டேன்.”

“இப்ப எங்க இருக்குது?”

“அம்மா எடைக்குப் போட்டுட்டாங்க. அட்டைதானேன்னு.”

மணிமொழிக்குத் திட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

“நீ இன்னும் ஆடறியா?” என்று பிரியா கேட்டாள்.

“இல்ல.”

“நான் சில நாள் மனசுக்குள்ள ஆடுவேன். கார்டெல்லாம் மறந்துபோச்சு, பாதியிலயே நின்னுடுது.”

 வடக்குத்து வழியாகப் போகும் பண்ருட்டி பஸ் வந்து நின்றது. போகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறினாள். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வடக்குத்து வந்து இறங்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.