வரையாடு கப்பல் ஏறுன கதை

கப்பலுக்கு மிருகம் ஏத்துற தொழில்ல ரெண்டே பதவிதான்: இன்னும் கடி வாங்காதவன், ஏற்கெனவே வாங்குனவன். உங்க வேலையில கடிக்கிறது மொதலாளியா இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

தொரை அனுப்புன ஜோடி

பள்ளிக்கூடத்த உட்டுட்டு ராயபுரத்துல ஒரு மிருக ஏவாரிகிட்ட சேந்தேன். நீலகிரிலேர்ந்து கூட்ஸ் வண்டியில ரெண்டு வரையாடு வந்துது. ஒண்ணு கடா, இன்னொண்ணு சினை. வேட்டையில சுட்டுச் சுட்டு மலையில கொஞ்சம்தான் மிச்சமாம். சீமையில மிருகக்காட்சித் தோட்டத்துல வெச்சி வம்சத்தக் காப்பாத்தணும்னு ஒரு தொரை அனுப்பிகீறாரு.

கூட வந்த மலைக்காரரு பெள்ளன். "இன்னாண்ணே, சுட்டதும் தொரைங்க, காப்பாத்துறதும் தொரைங்களா?"ன்னேன்.

"சுட்டு அலுத்துப்போச்சு தம்பி."

கல்லு மேல

கொட்டாய் பூரா மணலு. ரெண்டும் புல்ல மோந்துகூடப் பாக்கல. நானும் பெள்ளனும் கருங்கல்லக் கொண்டாந்து ஆளுயரம் அடுக்கினோம். சினை ஆடு ஒரே தாவுல உச்சிக்குப் போயி நின்னுகினு, அப்பறம்தான் வாயத் தொறந்துது. நாங்க புல்ல மேல நீட்டிகினு இருந்தோம். மீன்கூடையோட போன மேரியக்கா நின்னு பாத்துச்சு.

"புள்ளத்தாச்சிய மேல ஏத்திட்டு ரெண்டு ஆம்பளைங்க கீழ நின்னு ஊட்டுறீங்க, வூட்ல பொண்டாட்டிக்குச் செய்வீங்களாடா?"

வெக்க

கடா ராயபுரத்து வெக்கயத் தாங்கல. ஈரக்கோணி போத்தியும், தண்ணி ஊத்தியும் செத்துப்பூட்ச்சு. மொதலாளி வந்து பாத்தாரு. அப்பறம் சினை ஆட்டு வயித்தப் பாத்தாரு.

"உள்ள இருக்கிறது கடாவா இருந்தா ஜோடி சரியாப்பூடும்."

கிரேன்

குதிரை ஏத்துறதுல அந்தோணி மாமுதான் எங்களுக்கெல்லாம் பெரிய ஆளு. மேல தொறந்த பெட்டியில குதிரைய நிறுத்தி, கோணித்துண்டால கண்ணக் கட்டி, கிரேன்ல கப்பலுக்குத் தூக்கணும். உசரம் தெரியலன்னா குதிரை ஆடாம நிக்கும். காலங்காலமா அதான் வழக்கம்.

சினை ஆட்டுக்கும் கட்டினாரு. பெட்டி அந்தரத்துல ஆடுச்சு. எங்க நிக்கிறோம்னு அதுக்குப் புரியல, தாவிடுச்சு. தாவுறதுக்கு முன்னாடி எடம் பாக்குற மிருகம் அது. பாக்க உடலியே. கப்பலோட பக்கத் தகட்டுல மோதி, கீழ தொறமொகத்துக் கல்லு மேல வுழுந்துது. வயிறு மட்டும் கொஞ்ச நேரம் அசைஞ்சிகினு இருந்துது. அப்பறம் அதுவும் நின்னுபோச்சு.

"உசரத்தப் பாத்தா பயப்படுமேன்னுதான் நைனா கட்டினேன்"னாரு மாமு. பெள்ளன் குந்தி அந்தக் கோணித்துண்ட அவுத்தாரு.

"அது பொறந்ததே உசரத்துலதானுங்களே."

இப்போ வரையாட்ட எப்டி ஏத்தணும்னு எங்க கொட்டாயில எல்லாருக்கும் தெரியும், ஏத்துறதுக்குத்தான் வரையாடு வர்றதில்ல.