மல்பெரிக் காய்

தில்லி துவாரகாவில், தள்ளுவண்டியில் வாங்கிய மல்பெரிப் பழம், வீடு வருவதற்குள்ளேயே என் மகளின் வெள்ளைச் சட்டையில் ஊதாக் கறையாகிவிட்டது.

சிறுவயதில், தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பின் சாக்கடையோர மரத்தில் ஏறிப் பழம் தின்னும் நாங்கள், இறங்கும்போது மறக்காமல் பச்சைக் காய்களும் பறித்து வருவோம். குழாயடியில் அம்மா அவற்றை நசுக்கிக் கறையில் தேய்க்கத் தேய்க்க, புளிப்பும் பச்சையுமான வாசனையோடு ஊதா வெளுத்துக்கொண்டே போகும். "இனிமே மரத்துல ஏறுனே, காலை ஒடிச்சிருவேன்" என்று திட்டியபடியே, மிஞ்சிய காய்களை நாளைக்கென்று முந்தானையில் முடிந்துகொள்வாள்.

கேம்ப்பை இடித்ததில் மரமும் போய்விட்டது. வண்டிக்காரரிடமே திரும்பிப் போய், "பையா, கச்சா ஹை க்யா?" என்று இந்தியில் பச்சைக் காய் கேட்டேன். சிரித்துக்கொண்டே கூடையின் அடியில் தேடி இரண்டு கொடுத்தார்.

கறைக்கு ஒன்று போதும். இன்னொன்றைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டேன்.