வெர்லினோட கை திரும்பின இடம்

வெர்லின் காடிலை நல்ல மனுஷன்னு எங்க பள்ளத்தாக்குல எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொன்னவதான். போன மே மாசம் ஒரு நாள் அவன் மூஞ்சில காறித் துப்பணும்னு வந்துச்சு எனக்கு. வயசு எழுபத்தெட்டு, வாயில பல்லு இல்ல, துப்பினா எங்க போய் விழும்னு தெரியாது. அதனால விட்டேன்.

அவன் தொழில் புல்லு வெட்டுறது. பதினாலு வீட்டு முற்றம், சர்ச் முன்னாடி புல்தரை, மேட்டு மேல கல்லறைத் தோட்டம். ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் பத்து நாளைக்கு ஒரு தடவை சுத்தி வருவான். முப்பத்தோரு வருஷமா. இடையில மெஷின் மூணு மாறியிருக்கு, மூணும் பின்னாடி நடந்துக்கிட்டே ஓட்டுறதுதான். சக்கரம் தானா உருளும், ஆனா கூடவே மனுஷன் நடக்கணும், கைப்பிடியை அழுத்தி அழுத்தித் திருப்பணும். நாய் வளக்கறவங்க முற்றத்துல நாய் பீயும் புல்லும் ஒண்ணாதான் வெட்டுப்படும். பெரிய வீடு, ரெண்டு கார், நாய் பேண்டதை அள்ள மட்டும் கை இருக்காது அந்த ஜனத்துக்கு. அந்த வீடுங்களுக்குப் போயிட்டு வந்தா வெர்லினோட பொண்டாட்டி ஜுவல் பின்வாசல்லயே நிறுத்தி, பேன்டைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வான்னுவா. அறுபது வயசு ஆளு ஜட்டியோட நிக்கறதை நான் என் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து எத்தனையோ தடவை பாத்திருக்கேன். பாக்கற மாதிரி ஒண்ணும் இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவன் இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சு. டாக்டர் நடையைக் குறைன்னுட்டார். அந்தப் பனிக்காலம் பூரா சாயங்காலமானா என் வீட்டுல காப்பி குடிச்சிக்கிட்டு அவனுக்கு அவனே வழக்காடினான். உக்காந்து ஓட்டுற மெஷினை வாங்கினா மூணு மணி நேர வேலை ஒரு மணியில முடியும். ஆனா மூணு வீட்டு கேட்டுல அது நுழையாது. சரிவுல ஏத்தினா குப்புறக் கவுத்துடும், அடுத்த பள்ளத்தாக்குல ஒருத்தன் அப்படித்தான் அடியில மாட்டினான். நடந்து ஓட்டுறது எந்தச் சந்துலயும் போகும், எந்தச் சரிவுலயும் நிக்கும், ஆனா இடுப்பு தாங்காது. இதையே நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் கேட்டேன். கடைசியில, "நீங்க என்னதான் சொல்றீங்க அத்தை"ன்னான். ஊர்ல என்னை எல்லாரும் ஓமா அத்தைன்னுதான் கூப்பிடுவாங்க.

"உன் இடுப்பு போச்சுன்னா உன்னைத் தள்ளிக்கிட்டுப் போக எவனும் மெஷின் செய்யல. உக்காந்து ஓட்டுறதையே வாங்கித் தொலை"ன்னேன்.

ஆமா, நான்தான் சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

வாங்கினான். செவப்பு நிறம், ஸ்டியரிங் கிடையாது, திருப்பறதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நீட்டுக் கம்பி. அதுல உக்காந்து போறப்ப முதுகு நிமிந்துடும் அவனுக்கு. நுழையாத மூணு வீட்டை விட்டுட்டான். பழைய மெஷினை மச்சான் ஹோபர்ட்டுக்குக் குடுத்தான். ஹோபர்ட் அதைக் கோழிக் கொட்டாய்ல தள்ளிட்டான்.

கல்லறைத் தோட்டத்துக் கமிட்டித் தலைவன் கார்லண்ட் புருவிட். சர்ச்லயும் அவன்தான் பெரிய மனுஷன். மே கடைசி ஞாயித்துக்கிழமை எங்க கல்லறை நாளு. ஒஹாயோ, மிச்சிகன்னு வேலைக்குப் போன ஜனமெல்லாம் வந்து பூ வச்சு, பாட்டுப் பாடி, அங்கயே துணி விரிச்சு சாப்பிட்டுட்டுப் போகும். அதுக்குள்ள தோட்டம் கம்பளம் மாதிரி இருக்கணும்னு கார்லண்டுக்கு ஆசை. இப்பதான் பெரிய மெஷின் இருக்கே, ஒரு காலையில முடிச்சுடுன்னு வெர்லின்கிட்ட சொல்லியிருக்கான். கொழந்தைங்களைப் புதைச்ச மூலையில கல்லு இருக்கு, மெஷின் கத்தி உடையும்னு வெர்லின் சொல்லியிருக்கான். பேரு இல்லாத கல்லு எல்லாம் கல்லறைக் கல்லா, பிடுங்கி வேலியோரம் போடு, முடியாதுன்னா வேற ஆளு இருக்குன்னானாம் அந்தப் புண்ணியவான்.

இவனும் பிடுங்கிட்டான். முப்பத்தினாலு கல்லு.

அதுல ஒண்ணு என்னோடது. அம்பத்தேழுல பொறந்த என் மூத்தவ. ஒம்பது நாள் இருந்தா. கல்லு வெட்டிப் பேரு பொறிக்க எங்களுக்கு வக்கில்ல. என் புருஷன் எஸ்டில் ஓடைக்குப் போய், குறுக்க வெள்ளைக் கோடு ஓடற கல்லு ஒண்ணைத் தோள்ல வச்சுக்கிட்டு வந்து நட்டான். அந்த மூலையில எல்லாமே அப்படிப்பட்ட கல்லுதான். வசதி இல்லாதவங்க பிள்ளைங்க.

கல்லறை நாளுக்குப் பத்து நாள் முன்னாடி எஸ்டில் சமாதியைத் துடைக்கப் போனேன். உயிரோட இருந்தப்ப எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகல, இப்ப தொந்தரவு இல்லாம இருக்கான். அப்படியே மூலையைத் திரும்பிப் பாத்தேன். மழமழன்னு கெடக்கு. குழியெல்லாம் மண்ணைப் போட்டு மூடி, உருட்டி, மேல புது விதை தூவி. வேலியோரம் மக்கிப்போன பிளாஸ்டிக் பூ, பீர் டப்பா, அது மேல கல்லுக் குவியல். உச்சியில என் கல்லு, வெள்ளைக் கோடு வெயில்ல தெரியுது.  

நேரா வெர்லின் வீட்டுக்குப் போனேன். பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் தின்னுக்கிட்டு இருந்தான். எத்தனை பிள்ளைங்களைடா பிடுங்கிப் போட்ட நீன்னு கேட்டேன். ரொட்டியைக் கீழ வச்சான்.

"கார்லண்ட் சொன்னாரு அத்தை."

"கார்லண்ட் சொன்னா ஜுவல் தலையையும் வழிச்சு விட்டுடுவியா?"

"உக்காந்தபடியே முடியும்னா செய்வான்"னா ஜுவல், அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டே.

அவன் காது செவந்துபோச்சு. திரும்ப நட்டுடறேன், ஒவ்வொண்ணும் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷம் சுத்தி வந்தவன் நான்னான். அப்பயே வான்னு இழுத்துக்கிட்டுப் போனேன்.

அங்க போனா ஒண்ணும் தெரியல அவனுக்கு. நின்னான், குனிஞ்சான், கால்ல தட்டிப் பாத்தான். அந்தச் செவப்பு மெஷினைக் கொண்டு வந்து மேல உக்காந்து ரெண்டு சுத்து சுத்தினான். அதுல உக்காந்தா எல்லா எடமும் ஒரே மாதிரிதான் தெரியுதாம். கல்லறை நாளு வரப்போகுது, பிள்ளைங்க இருக்கற எடம் தெரிஞ்ச ஒரே ஆளு இவன், இவனுக்கே தெரியல. எறங்கி வந்து வேலிக்கட்டையில சாஞ்சான். கையைப் பாத்தேன். இல்லாத கைப்பிடியைப் பிடிச்ச மாதிரி ரெண்டு கையும் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு, அவனுக்கே தெரியாம.

"அந்தப் பழசு வேணும் அத்தை. அது இருந்தா கைக்குத் தெரியும்"னான்.

ஹோபர்ட் கொட்டாய்க்குப் போனோம். குடுத்ததைத் திரும்பக் கேக்கறவன்கிட்ட நான் பேசமாட்டேன், கோழிங்ககிட்ட கேட்டுக்கோன்னான் ஹோபர்ட். ஒரு வருஷமா கோழி அது மேலதான் ஒக்காந்து பேண்டிருக்கு. கைப்பிடி, சக்கரம், இஞ்சின் மூடி எல்லாத்துலயும் விரக்கடை தடிமனுக்குக் காஞ்ச எச்சம், அதுக்குள்ள இறகு, புழு, செத்த எலி ஒண்ணு. அந்த நாத்தம் மூணு நாள் என் மூக்கை விட்டுப் போகல. கரண்டியால சுரண்டினோம், வெந்நீர் ஊத்தினோம். ஒரு நாள் பூரா போச்சு. மறுநாள் பெட்ரோல் மாத்தி இழுத்தான், இழுத்தான், நாலாவது தடவை புகையைக் கக்கிக்கிட்டு ஓடுச்சு.

கத்தியைக் கழட்டி வச்சுட்டு மூலைக்குக் கொண்டுபோனான். வேலிக்கிட்ட எப்பவும் ஆரம்பிக்கற எடத்துல நின்னு கண்ணை மூடிக்கிட்டான். அடுப்புக்கு வச்சிருந்த சுள்ளியை ஒரு கூடை எடுத்துக்கிட்டு நான் பின்னாடி. மெஷின் நகந்துச்சு. பத்து எட்டு நேராப் போச்சு. அப்புறம் அவன் எடது கை தானா அழுந்துச்சு, மெஷின் கல்லைச் சுத்திப் போற மாதிரி வளைஞ்சு போய்த் திரும்ப நேராச்சு. வளைஞ்சதுக்கு நடுவுல ஒரு சுள்ளியைக் குத்தினேன். நாலு எட்டு, திரும்ப வளைஞ்சுது. ஒரு சுள்ளி. ஒரு எடத்துல கைப்பிடியைக் கீழ அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கினான், அங்க கல்லு படுத்த வாக்குல இருந்துச்சுன்னான். ஒவ்வொரு வரிசை முடிவுலயும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பான். ஒக்காருன்னு நான் சொல்லல.

நடுவுல கார்லண்ட் காரை நிறுத்திட்டு எறங்கி வந்து, விதை போட்ட தரையில இது என்ன கூத்துன்னான்.

"உங்கம்மாவுக்கு உனக்கப்புறம் பொறந்து செத்தது ஒண்ணு இங்கதான் இருக்கு. துணி சுத்திக் குடுத்தது நானு"ன்னேன்.

அவனுக்கு அது தெரியாதுன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது. தொப்பியை எடுத்தான், திரும்பப் போட்டான். எது அதுன்னு கேட்டான். பிடுங்கச் சொல்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், இப்ப எனக்கும் தெரியலன்னேன். கார்ல ஏறிப் போயிட்டான். ஒரு கல்லைத் தூக்கக் கை குடுக்கல.

எண்ணிப் பாத்தேன். முப்பத்தினாலு சுள்ளி. கல்லும் முப்பத்தினாலு. சரியா இருந்துச்சு. ஆனா என் எடம் சரியா இல்ல. செடார் மரத்துலேர்ந்து ரெண்டு எட்டு தள்ளித்தான் என் கொழந்தைன்னு எனக்கு மனப்பாடம். அங்க சுள்ளியே இல்ல. கிட்டத்துல இருக்கறதே ஏழு காலடி தள்ளி, வேலிப் பக்கம். திரும்பப் போடான்னேன். போனான். செடார்கிட்ட கை அசையல. இன்னொரு தடவை போன்னேன். வலியில உதட்டைக் கடிச்சுக்கிட்டுப் போனான். கை அசையல.

மெஷினை அணைச்சுட்டு, "நீங்க வருஷத்துக்கு எத்தனை தடவை வருவீங்க அத்தை"ன்னான். குத்திக்காட்டல, நெஜமாவே கேட்டான்.

கல்லறை நாளுக்கு ஒரு தடவை. எஸ்டில் கூட சண்டையா இருந்த வருஷமெல்லாம் அதுவும் இல்ல. வந்தாலும் பூவை வச்சுட்டு, எவ எந்தப் பதார்த்தம் கொண்டு வந்திருக்கான்னு பாக்கப் போயிடுவேன். இவன் பத்து நாளைக்கு ஒரு தடவை, முப்பத்தோரு வருஷம், என் பிள்ளையை இடிக்காம சுத்திப் போயிருக்கான். அவன் மூஞ்சில துப்பணும்னு கெளம்பி வந்தவ நான். அந்த எச்சிலை முழுங்கிக்கிட்டேன்.

வேலிப் பக்கத்துச் சுள்ளிக்கிட்ட தோண்டுன்னேன். தோண்டினான். வெள்ளைக் கோடு மேல தெரியற மாதிரி நட்டோம். மத்ததை எல்லாம் எது எவரோடதுன்னு தெரியாமத்தான் நட்டோம், நாலு நாளாச்சு.

முற்றங்களுக்கெல்லாம் இப்பவும் செவப்பு மெஷின்தான். மூலைக்கு மட்டும் பழசை ஏத்திக்கிட்டு வரான், நடந்துதான் வெட்டுறான். கமிட்டிக்குப் பிடிக்கல, பேசாம இருக்காங்க.

கல்லறை நாளன்னிக்கு கார்லண்ட் ஒரு கொத்துப் பூவைக் கையில வச்சுக்கிட்டு அந்த மூலையில ரொம்ப நேரம் நின்னான். எங்க வைக்கறதுன்னு தெரியாம வேலிக்கம்பத்துல கட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டான். நான் என் பூவை வெர்லின் கை திரும்பின எடத்துல வச்சேன். செடார் பக்கம் போகல.