மனசுக்குள் கிடந்த சடை

படப்பைக்குக் குடிவந்த முதல் வாரம், சாமான்களை மாடிக்கு ஏற்றிக் களைத்துப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார அம்மா வந்து, "இன்னாமா, ஒரு மாரி கீற?" என்றார். "கால் ரொம்ப உளையுதும்மா" என்றேன். அவர் என் காலையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "வாய் ஒளறும், பாத்துக்கீறேன். காலு எப்டிமா ஒளறும்?" எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கால் உளையும், இங்கே நோவும். மறுநாளிலிருந்து எனக்கும் கால் நோவத் தொடங்கிவிட்டது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஒரு சொல் மாறிப்போனால் ஒரு பெண்ணின் தலையெழுத்தே மாறிப்போகும் என்று பிறகுதான் தெரிந்தது.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலை" என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். ஒரகடம் போகும் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் மெடிக்கல் கோடர். டாக்டர் எழுதும் குறிப்புகளைப் படித்து, அதிலுள்ள நோயை ஓர் எழுத்தாகவும் சில எண்களாகவும் மாற்றுவது என் வேலை. இன்சூரன்ஸ்காரர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். முன்பு சென்னையில் ஒரு கம்பெனியில் அமெரிக்க நோயாளிகளுக்கு இதே வேலையைச் செய்தேன். அவர்கள் யாரோ, நான் யாரோ. இங்கே அப்படியில்லை. காலையில் எண் போட்ட ஆள் மத்தியானம் டீக்கடையில் என் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் ஃபேக்டரிப் பிள்ளைகள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றாமலே ஊசிக்குக் கை நீட்டுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் மனநல டாக்டரம்மா வருவார். அந்த இரண்டு நாள் ஃபைல்களையும் என்னிடம்தான் கொடுப்பார்கள்.

அந்த ஃபைல்களை நான் விரும்பி வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் சித்தி. கைக்குழந்தை காய்ச்சலில் போனபிறகு அவள் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். ஊர் அவளுக்கு ஒரே வார்த்தையில் சீட்டு எழுதிவிட்டது: கோட்டி, அதாவது பைத்தியம். நான்காம் மாதம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள், வயலுக்குப் போனாள், சிரிக்கவும் சிரித்தாள். ஆனால் பதினைந்து வருஷம் கழித்து அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, தெருமுனையில் விசாரித்துவிட்டு, அப்படியே பஸ் ஏறினார்கள். சென்னையில் கோடிங் வகுப்பில் முதன்முதலாக அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. எண் யாரையும் பார்த்துச் சிரிக்காது, தெருமுனையில் நின்று பேசாது என்று நினைத்தேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது செண்பகத்தின் ஃபைல். பெயரையும் வேறு சிலவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இருபத்திரண்டு வயது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். முந்தின நாள் லைனில் நின்றிருந்தபோது, "பின்னால நிக்காதிய" என்று கத்திக் கையிலிருந்ததை வீசியிருக்கிறாள். அழுகையை நிறுத்த முடியவில்லை. கம்பெனி வண்டியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். டாக்டரம்மாவின் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: நான்கு நாளாகத் தூக்கமில்லை. யாரோ பின்னால் நிற்பதாகவும், கழிப்பறை வரை தொடர்ந்து வருவதாகவும் சொல்கிறாள். மனதுக்குள் சடை கிடப்பதாகச் சொல்கிறாள் (சடை என்ற சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழாகவே இருந்தது). சிந்தனை ஒழுங்கில்லை. கடைசியில், மனச்சிதைவின் தொடக்கமோ என்று எழுதி ஒரு கேள்விக்குறி.

மனதுக்குள் சடை. அந்த வரியை மூன்று முறை படித்தேன். நான்காம் முறை வாய்விட்டுப் படித்ததும் என் காதிலேயே விழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை சொன்னது சடை இல்லை, சடவு. "மனசு ஒரே சடவா கெடக்கு." எங்கள் ஊரில் நாற்று நட்டுவிட்டு வருகிறவளுக்கு உடம்பு சடவாக இருக்கும். சாவு வீட்டுக்குப் போய்வந்தவளுக்கு மனசு சடவாக இருக்கும். அலுப்பும் வருத்தமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் ஒரு சொல் அது. முதலில் விவரம் கேட்டு எழுதிக்கொண்ட நர்ஸ் எஸ்தர் இங்கே பக்கத்துத் தண்டலத்துப் பெண், அந்தச் சொல்லையே கேட்டிருக்கமாட்டாள். டாக்டரம்மா சென்னைக்காரர். ஒரு பிள்ளையின் களைப்பு இரண்டு காதுகளைக் கடந்து வருவதற்குள் பைத்தியத்துக்கு அத்தாட்சியாகிவிட்டது.

பில்லிங் மேனேஜர் தயாளன் என் மேசைக்கு வந்தார். "இன்னாமா, இன்னுமா அந்த ஃபைல் முடியல? அவுங்க கம்பெனி ஹெச்ஆர் ஆளு கீழ ஒக்காந்துகினு கீறாரு. எஃப் இருபத்தி மூணு போட்டு அனுப்பு."

எஃப் இருபத்து மூன்று என்றால் திடீரென்று வரும் மனச்சிதைவு. "டாக்டர் கேள்விக்குறி போட்டிருக்காங்க சார். சந்தேகம்னு எழுதினதை உறுதின்னு போடக்கூடாது. கவனிப்புல இருக்காங்கன்னு போட வேற நம்பர் இருக்கு."

"அத்த போட்டா திரும்பி வந்துரும்மா. கேள்விக்குறிக்கு எவனும் அப்ரூவல் குடுக்க மாட்டான்."

அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவரே என்னை வீட்டுக்கு அனுப்பிவைப்பார். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. லைனில் மயங்கி விழுகிறவர்களைப் பார்க்க ஒருநாளும் வராத ஹெச்ஆர் ஆள், இந்தப் பிள்ளைக்காக மட்டும் காலையிலிருந்து ஏன் காத்திருக்கிறார்? பின்னால் ஆள் நிற்பது உண்மையானால் அது ஒரு புகார். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று ஆகிவிட்டால் அதே வாக்கியம் நோயின் அறிகுறி. நான் அடிக்கப்போகும் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் புகாரை அறிகுறியாக மாற்றிவிடும். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வராமலும் இல்லை. என் பேச்சு பேசுகிறாள் என்பதற்காக அவளை நம்புகிறேனா? நிஜமாகவே நோய் என்றால்?

கோடர் நோயாளியைப் பார்க்கப் போகக்கூடாது. போனேன். ஜன்னலோரக் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தாயி, சாப்டியா?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். "நீங்க யாரு? கம்பெனி ஆளா?"

"இல்ல. இங்கன ஆஸ்பத்திரியிலதான் வேல பாக்கேன். எனக்குச் சேரன்மாதேவி பக்கம்."

ஊர்ப் பேச்சைக் கேட்டால் முகம் மலரும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நம்மூர்ப் பேச்சு பேசாதிய."

"ஏன் தாயி?"

"ஹாஸ்டல்ல ஒரு அக்கா இப்படித்தான் வந்தாவ. தாயி, சாப்டியான்னுதான் கேட்டாவ. பக்கத்து ஊருன்னு நம்பி எல்லாத்தையும் சொன்னேன். மறுநாளு நான் சொன்னது அம்புட்டும் சூப்பர்வைசர் வாயில கெடந்துச்சு." அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். இந்த ஊரில் பத்து வருஷமாக எனக்குத் துணையாக இருந்த ஒரே சொத்து என் பேச்சு. அதையும் யாரோ முன்னாலேயே எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் இப்படி ஐயம் வந்தால் டாக்டருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பலாம். ஆனால் நோயின் பெயரை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. நான்கைந்து தடவை அடித்து அழித்து இப்படி எழுதினேன்: "நோயாளி சொன்ன சொல் சடை அல்ல, சடவு என்னும் வட்டாரச் சொல்லாக இருக்கலாம். மறுபடி கேட்டுப் பதிவு செய்ய முடியுமா?" தயாளன் அதைப் படித்துவிட்டு, "ஒனுக்கு எதுக்குமா இந்த வேல?" என்றார். ஆனாலும் தடுக்கவில்லை.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க கோடர். பேஷண்ட்டப் பத்தி எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்துவிட்டு, "சடவுன்னா என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மருந்துத் தட்டோடு நின்றிருந்த எஸ்தரின் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் மேடம் தப்பா எழுதிட்டேன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னொண்ணு மேடம். என் தங்கச்சியும் அதே கம்பெனிதான். பாத்ரூமுக்குப் போனா பின்னாடியே வந்து நோட்டுல டைம் எழுதிக்கினு போறாங்களாம். அது நெஜம்தான். நான் கேட்டுக்கீறேன், சொல்லணும்னு தோணல" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து வார்டுக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். செண்பகத்தின் அப்பா இரண்டு மாதம் முன்னால் இறந்திருக்கிறார். நான்காம் நாளே ஷிஃப்டுக்குத் திரும்பிவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டாக்டரம்மா பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, புதிதாக எழுதினார்: இழப்பையும் பணிச்சூழலையும் ஒட்டிய மன அழுத்தம். தொடர்ந்து வருகிறார்கள் என்று அவள் சொல்வது பணியிட நடைமுறையைக் குறிக்கிறது. எஃப் நாற்பத்து மூன்று. "நூறு சதவீதம்னு நானும் சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு வரட்டும், பாக்கறேன்" என்றார். அந்தத் தயக்கத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஹெச்ஆர் ஆளுக்கு ஓய்வுச் சான்றிதழ் மட்டும் கொடுத்தார்கள். நோயின் பெயரைத் தர முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த ஆள் கோபப்படவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல மேடம், எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனார். எப்படித் தெரியும்? தயாளனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலையில் டாக்டரம்மாவின் குறிப்பு வந்ததுமே முன் அனுமதிக்காக எஃப் இருபத்து மூன்று என்று இன்சூரன்ஸுக்கு அனுப்பியாகிவிட்டதாம். "அவசரத்துல போயிடிச்சிமா. நீ திருத்தி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுறேன்." திருத்தி அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. பழையதை அழித்தார்களா, அதன் மேல் இதை வைத்தார்களா, கம்பெனிக்குச் சொன்னது அவர்களா, தயாளனா, வேறு யாருமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊரில் சித்தியைப் பற்றித் தெருமுனையில் பேசியவர் யார் என்றாவது எங்களுக்குத் தெரிந்திருந்தது. பத்து வருஷம் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் பழிதீர்த்தோம். இங்கே யார் வீட்டுக்குப் போகாமல் இருப்பது?

இரண்டு வாரம் கழித்துச் செண்பகம் வந்தாள். நன்றாகத் தூங்கியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறு ஒன்றில் சேரப்போவதாக எஸ்தரிடம் சொல்லியிருக்கிறாள். போகும்போது ரெக்கார்ட்ஸ் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"எக்கா, என் ஃபைல்ல என்ன எழுதிருக்கு?"

டாக்டரம்மா எழுதிய கடைசிப் பக்கத்தை எடுத்து, தமிழில் மெதுவாகப் படித்துக்காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"கோட்டின்னு எங்கயும் இல்லியே?"

"இல்ல தாயி. இதுல இல்ல."

அவளுக்கு 'இதுல' என்ற சொல் உறுத்தவில்லை. முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். இன்னொன்று எங்கோ இருக்கிறது என்று சொல்லியிருக்கவேண்டும். புதுக் கம்பெனியின் மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போகிற பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டது இரக்கமா பயமா என்று அவ்வப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு மகளோடு போயிருந்தேன். நல்ல வெயில், நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். ஊரிலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது என்பது பேச்சிலேயே தெரிந்தது. "எத்தா, அங்கன பாரு, எம்புட்டு கூட்டம்" என்று ஒரு பெண் யாரிடமோ சொன்னாள். பிறகு திரும்பி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எக்கா, நீங்க திருநவேலிப் பக்கமா?"

"இல்லமா, இங்கதான். படப்பை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. தானாக வந்தது. அந்தப் பெண், "ஓ" என்று திரும்பிக்கொண்டாள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள், நான் குனியவில்லை. அவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். யாருக்கோ கல்யாணம் பேசியது, மழை தப்பியது, பிள்ளைக்கு ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்களாமே என்பது. சன்னதி வரும்வரை அவர்களுக்குப் பின்னால், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.