சிவந்திக்காகப் பதில் சொன்னவள்

அன்று இரவு அந்த அறையில் இருந்தவர்கள்:

நான்.
என் தங்கை சிவந்தி.
அப்பா பரசுராமன்.
அத்தை புருஷன் செல்வம் மாமா.
பொன்னேரிப் பக்கத்திலிருந்து மாமா கூட்டி வந்த பூசாரி.

ஐந்து பேர். வேறு யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேய் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என் தங்கையை அடித்தார்கள். அப்படிப்பட்ட நானே இதை எழுதுகிறேன் என்றால், காரணம் ஒன்றுதான். நடந்தது.

டிப்ளமோவைப் பாதியில் விட்டவன் நான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, எப்போதும் நைட் ஷிஃப்ட். ஆட்கள் சாம்பல் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். நான் வெளியே நின்று, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவரவர் குரலில் பதில் வர வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொன்னால் எல்லோரையும் உடனே மேலே ஏற்றிவிடுவேன். யாருக்காகப் பதில் வந்ததோ, அவன் உள்ளே மயங்கிக் கிடக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான்.

அம்மா இப்போது இல்லை. சிவந்திக்கு இருபத்து நான்கு வயது. ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். திடீரென்று அவள் கண் நிலைகுத்தும். பிறகு ஒரு கிழவியின் குரலில் பேசுவாள்.

"இன்னா வோணும்? கொழந்த தூங்குது."

தெளிந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவள், சாயங்காலம் எண்ணூர்க் கடற்கரையில் நின்றபடி எனக்குப் போன் செய்தாள். இடையில் அந்தப் பகல் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மனநல மருத்துவர் பெர்சிஸ் அவளிடம் பலமுறை பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பேயும் இல்ல, நடிப்பும் இல்ல தம்பி. சின்ன வயசுல தாங்க முடியாத ஏதோ நடந்திருக்கு. அதைத் தாங்கறதுக்காக மனசு ஒரு பகுதியைத் தனியா பிரிச்சு வெச்சிருக்கு. அந்தப் பாட்டி இவளைக் காப்பாத்த வந்தவங்க. விரட்டாதீங்க, மரியாதையா பேசுங்க. 'இது உன் வீடு, கால்ல தரை படுது பாரு'ன்னு சொல்லுங்க. அவசரப்படாம கூட்டிட்டு வாங்க. மாசக்கணக்கா ஆகும்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவாங்களா மேடம்?"

அவர் சிரித்தார். "வாய் ஒண்ணுதானேப்பா இருக்கு."

அவர் சொன்னபடியே செய்தோம். கிழவி வருவது குறைந்தது. கண் நிலைகுத்தப் போகிறது என்று தெரிந்தால் சிவந்தி தானே பாதங்களைத் தரையில் அழுத்திக்கொள்வாள். தண்ணீரில் கையை நனைப்பாள். திரும்பி வந்துவிடுவாள்.

இது மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

அன்று ஷிஃப்ட் ரத்தானது. வீடு திரும்பும்போது மணி பதினொன்றே கால். படிக்கட்டிலேயே உடுக்கைச் சத்தம் கேட்டது. கதவை உதைத்தேன். அப்பா திறந்தார். நான் நுழைந்ததும் மறுபடி தாழிட்டார்.

கூடத்தின் நடுவில் சிவந்தி. அவிழ்ந்த தலைமுடி. கையெல்லாம் பிரம்படித் தடிப்பு.

"இன்னா மாமா இது?"

"வாங்க தொரை. படிப்ப பாதில வுட்டவரு. வைத்தியம் மட்டும் முழுசா தெரியும்."

"பிரம்ப கீழ போட சொல்லு."

"காலைல பொன்னேரிக்கு இட்டுகினு போறோம். ஒரு மண்டலம் சங்கிலில கெடந்தா எல்லாம் ஓடிடும். அந்த டாக்டரம்மா மாத்திரைய குப்பைல கடாசியாச்சு."

"நைனா, நீயா சரின்னு சொன்ன?"

அப்பா கதவுத் தாழ்ப்பாளை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார்.

 பூசாரி கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கி முறித்துப் போட்டேன். அப்போதுதான் பூசாரி, கிட்டத்தட்ட எனக்குச் சாதகமாகவே, முணுமுணுத்தார்.

"எனுக்கும் ஒண்ணும் புரியல தம்பி. வந்தவள பேரு கேட்டுதான் ஓட்றது வழக்கம். ஒங்க மாமா பேரே கேக்க வாணாங்கறாரு. பேரு கேக்காம யார ஓட்றது?"

மாமாவைப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"அது எவளா இருந்தா இன்னா? தொரத்து சாமி. பேரு வாணாம்."

பூசாரி மறுபடி உடுக்கையைத் தட்டத் தொடங்கினார். மின்சாரம் போனது.

மின்விசிறி நின்றது. உடுக்கையும் நின்றது. தெருவில்கூட வெளிச்சம் இல்லை. அறையில் ஒரு வாடை. நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே... அந்த வாடை.

தடவிக்கொண்டு போய்ச் சிவந்தியின் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தன.

இருட்டில் என்ன செய்வதென்று எனக்கு ஒன்றுதான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"நைனா."

"கீறேன்." கதவுப் பக்கத்திலிருந்து.

"பூசாரி."

"இருக்கேம்ப்பா."

"மாமா."

பதில் இல்லை.

"மாமா!"

"ம்..."

"சிவந்தி."

என் விரல்களை அவள் இறுக்கினாள். அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.

"இங்கதான் கீறேன் அண்ணா."

அவளுடைய குரல். அவளேதான்.

ஆனால் அதே நேரத்தில்... பிறகு அல்ல, அதே நேரத்தில்... இன்னொரு பதிலும் வந்தது.

"இன்னா வோணும்? கொழந்த தூங்குது."

மூலையிலிருந்து. மாமா உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து.

என் கையை எடுத்துச் சிவந்தியின் வாய்மீது வைத்தேன். மூடியிருந்தது. கண்ணீரில் ஈரமாக இருந்தது. அசையவில்லை.

குரல் நிற்கவில்லை.

"செல்வம்... கதவ தொறடா."

வாய் அசையவில்லை.

"ரெண்டு நாளாச்சுடா..."

அசையவே இல்லை.

மாமா கத்தினார். ஒரு மனிதன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

சர்ர்ர்... சர்ர்ர்...

எதையோ பிறாண்டும் சத்தம்.

விளக்கு வந்தது. மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

மாமா சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். கதவைத் தேடுவதுபோல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். நகத்துக்குள் சுண்ணாம்பு. விரல் நுனியில் ரத்தம். பூசாரி உடுக்கையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். மாமாவைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன்.

யார் அந்தக் கிழவி? மறுநாளே விம்கோ நகருக்குப் போனேன். மாமா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் மதார் சாகிப், முதலில் கதவை ஒருக்களித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அவன் அம்மா குப்பம்மாதான் தம்பி. புத்தி கலங்கி தெருத் தெருவா சுத்தும். அப்ப ஒங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல. ஒங்கத்தை ஆஸ்பத்திரில தொணைக்கு இருந்திச்சு. ஒன்ன ஒங்கப்பா வெச்சுக்கினாரு, ஒன் தங்கச்சிய மட்டும் இங்க வுட்டாங்க. ஆறு வயசு. இந்தப் பாவி கெழவியையும் கொழந்தையையும் பின்னாடி ரூம்ல வெச்சு பூட்டிட்டுக் குடிக்கப் போனான். ரெண்டு நாளு வரல."

"அப்புறம்?"

"ரெண்டாம் நாளு சாயங்காலம் நான்தான் கதவ தட்டுனேன். கதவுகிட்ட கொழந்த அழுவுது. உள்ளேர்ந்து கெழவி, 'செல்வம், கதவ தொறடா'ன்னு கத்துது. ரெண்டு சத்தமும் ஒண்ணா கேட்டேன். பூட்ட ஒடச்சேன்."

ஒருக்களித்திருந்த கதவை அவர் முழுக்கத் திறந்தார்.

"கெழவி செத்துக் கெடந்திச்சு தம்பி. மொகமெல்லாம் எறும்பு. மொத நாளே உசுரு போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு."

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அத்தை வாழ்க்கை பாழாகிவிடும் என்று மறைத்தாராம். அத்தை அடுத்த வருஷமே மாமாவை விட்டுப் போய்விட்டாள். அப்பா அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. இது தெரிந்த நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

மருத்துவரிடம் சொன்னேன். "குழந்தையே பாட்டி குரல்ல பேசியிருக்கும்" என்றார். அப்படியானால் யார் அழுதது? எங்கள் வீட்டு மூலையில் யார் பேசியது? அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "சிவந்தி இப்ப நல்லா தூங்குறாளா?" என்று கேட்டார்.

தூங்குகிறாள். அந்தக் குரல் அவளிடம் அதன்பிறகு வரவில்லை. அந்த இரண்டு நாள் மட்டும் மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. மருத்துவரின் எதிரில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள், அழுதாள்.

போன ஞாயிறு பட்டப்பகலில் மாமா வந்தார். பாதி ஆளாகிவிட்டார். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"சிவந்தி, ஒரே ஒரு தபா வூட்டாண்ட வாம்மா. அந்த ரூமுக்குள்ள நின்னு 'போ'ன்னு சொல்லு. நீ சொன்னா அது போய்டும். ராவெல்லாம் கூப்டுதும்மா..."

"அந்த ரூமுக்கா?" நான் அடிக்க எழுந்தேன். சிவந்தி கை காட்டி நிறுத்தினாள். அவள் பாதங்கள் தரையில் அழுந்துவதைப் பார்த்தேன்.

"வர மாட்டேன் மாமா. டாக்டராண்ட போ. இல்லாங்காட்டி நீயே அதுக்கு பதில் சொல்லு. ஒன் அம்மாதான?"

"தனியாவா?"

"நா அதுகூட தனியாதான இருந்தேன்?"

 மாமா திரும்பி வாசலைத் தாண்டினார். சிவந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தன் கையாலேயே பூட்டினாள்.