மாமா எரித்த ரத்த ரிப்போர்ட்

எனக்கு லூபஸ் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. "அவளுக்கு வெயில் ஒத்துக்கிடாது" என்பார்கள். கன்னம் சிவந்து தடித்திருக்கும். காலையில் விரல்கள் மடங்காது, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த சாக்பீஸ் பிடிக்க முடியாது. எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே அடிக்கிற வியாதி என்று பாளையங்கோட்டை டாக்டர் விளக்கினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான என் மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொத்துமா?" என்றார். தொத்தாது என்றதும் அவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் உண்டானேன். முதலில் உண்டானது இரண்டாம் மாதமே கலைந்திருந்தது. இதாவது தங்க வேண்டுமே என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வந்தவர் மாமா. வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி, அதற்கு நேரே பாசிட்டிவ். அது எதற்கான பரிசோதனை என்று லேபிலேயே விசாரித்துவிட்டு வந்திருந்தார். தகாத உறவில் தொற்றுகிற மேகநோய்க்கு.

திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத குடும்பம். அரை மணி நேரத்தில் அந்தக் காகிதம் வெந்நீர் அடுப்புக்குள் போயிற்று. பிறகு விசாரணை. என் கணவர் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி வேலைக்காக ராதாபுரத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தார். அது போதாதா?

"ராதாபுரத்துல எங்கலே படுத்தே?"

"தாலுகா ஆபீஸ் பெஞ்சுலதாம்பா."

"கூட யாரு?"

"மூட்டப்பூச்சி."

"பூச்சிங்கான், கேட்டேளா!" என்று அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நல்லெண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வேறெங்கும் என்னைத் தனியாக விட்டதில்லை, அவ்வளவுதான். நான் மட்டும் யோக்கியமா? அன்றைக்கே அவர் பாயை வேறு அறையில் போட்டேன்.

வைத்தியமும் மாமாவின் ஏற்பாடுதான். உள்ளூரில் பார்த்தால் ஊர் சிரிக்கும். ஆகவே கல்லிடைக்குறிச்சியில் தெரிந்த ஒரு கம்பவுண்டர். வாரம் ஒன்றாக மூன்று வாரம், ஆளுக்கொரு பென்சிலின் ஊசி. எதற்குப் போகிறோம் என்று தெருவில் கேட்டால் சொல்ல வேண்டுமே, அந்த ஊருக்குப் பேர்போன அப்பளம் வாங்க என்றோம். சொன்னதற்கு வாங்கியும் வந்தோம். பரண் நிறைந்தது. எதிர் வீட்டு அக்கா, "இந்த மசக்கைக்கு அப்பளமாட்டி கேக்கு?" என்று ஆச்சரியப்பட்டாள். குற்றமே செய்யாதவர் ஏன் ஊசிக்கு இடுப்பைக் காட்டினார் என்று பிற்பாடு கேட்டேன். "போட்டாலாவது அப்பா வாய மூடுவாவன்னு பாத்தேன்" என்றார்.

நாலாம் மாதம் பாளையங்கோட்டை டாக்டரிடம் போனோம். கேள்வி கேட்பதில் அவர் மகா கறார். "பிரசவத்துக்காக எடுத்த டெஸ்ட்ல ஏதாவது பாசிட்டிவ்னு வந்ததாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "எல்லாம் சுத்தமா இருக்கு டாக்டர்" என்றார். அவர் குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. பிள்ளைகள் பொய் சொன்னால் முட்டி போடவைத்த மனிதர். டாக்டர் என் முகத்தையே பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றது. ஆண் குழந்தை. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து இடது கால் தொடை வரை வீங்கிக் கல்லாக இறுகியது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கிறது, நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டார்கள். அதே டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை மாமா வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் எங்களை வைத்துக்கொண்டு விளக்கினார். லூபஸ் உள்ள சிலருக்கு ரத்தத்தில் ஒரு வகை ஆன்டிபாடி இருக்குமாம். மேகநோய் இல்லாமலே அந்தப் பரிசோதனையை அது பாசிட்டிவ் என்று காட்ட வைக்கும். ரத்தம் உறைவதும் அதனால்தான். காலிலும் உறையும், நஞ்சுக்கொடியிலும் உறைந்து பிள்ளைக்கு ஊட்டம் போகாமல் தடுக்கும்.

"அப்போ என் மவன் மேல தப்பு இல்ல?" என்றாள் அத்தை. "இல்லம்மா." அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். மாமாவின் முதுகு நிமிர்ந்தது. மருமகளின் ரத்தம் உறைந்தால் உறையட்டும், குடும்பத்துக்கு மானக்கேடு இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு இனிப்புக் கொடுக்காததுதான் குறை.

என் கணவர் மட்டும் கேட்டார்: "முதல்லயே தெரிஞ்சிருந்தா, டாக்டர்?"

"ஆஸ்பிரினும் ரத்தம் உறையாம இருக்க ஊசியும் குடுத்திருப்பேன். பிள்ளை நிச்சயமாத் தங்கியிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்தது."

பிறகு மாமா தொண்டையைச் செருமினார். "அப்போ இதை வெளிய சொல்லலாம்லா டாக்டர்?"

"தாராளமா. நாலாம் மாசமே சொல்லியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

கேட்டது மாமா. டாக்டர் பதில் சொன்னது என்னைப் பார்த்து. எனக்கும் வாய் இருந்ததே.